பாவம் பார்த்தவர்

போன வருடக் கோடை விடுமுறை முழுக்க, இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்து, என் மகளுக்கு ஒரு நாவலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு 12 வயது. புத்தகம் ஆங்கிலம். மொபைல் வெளிச்சத்தில் ஒரு பக்கத்தைக் கண்ணால் ஓட்டிவிட்டுத் தமிழில் சொல்வேன்; அவள் மல்லாந்து படுத்துக் கேட்பாள். ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. கல்லூரி நாளிலிருந்து என் அலமாரியில் இருக்கும் புத்தகம். அது எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோர்ட்டுக் காட்சி வந்த இரவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

அலபாமா மாநிலத்தின் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். 1935-ஆம் ஆண்டுக் கோடை. மயெல்லா யூவெல் என்ற 19 வயது வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது வழக்கு. டாமுக்கு வயது 25. மனைவி, மூன்று குழந்தைகள். சிறுவனாக இருந்தபோது பருத்தி ஜின்னிங் எந்திரத்தில் மாட்டி இடது கை சூம்பிப் போனவர். அவர் செய்யவில்லை என்பது விசாரணையைக் கேட்ட எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மயெல்லாவின் முகத்தில் அடி விழுந்ததெல்லாம் வலப்பக்கம், அடித்தவன் இடக்கைக்காரன், அவளுடைய அப்பா பாப் யூவெல் இடக்கையால் எழுதுகிறவன். அப்படியிருந்தும் அரசுத் தரப்பு வக்கீல் கில்மர் குறுக்கு விசாரணையில் விடாமல் ஒன்றைக் கேட்கிறார்: காசு வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் விறகு வெட்டினாய், தண்ணீர் சுமந்தாய்? டாம் உண்மையைச் சொல்கிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த வீட்டில் மற்ற எல்லோரையும்விட அவள்தான் முயற்சி செய்கிற மாதிரித் தெரிந்தது என்கிறார்.

“பாவமா இருந்துச்சுன்னு சொன்னாரு” என்று மகளிடம் சொன்னேன். “அந்த வக்கீலுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ‘பாவமா இருந்துச்சா? உனக்கு, அவளைப் பாத்து?’ன்னு திரும்பத் திரும்பக் கேக்கறாரு. கோர்ட்டே கப்சிப்.”

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “பாவம் பாக்கறது பாவமா அம்மா?”

ஆங்கிலத்தில் எத்தனை முறை படித்திருப்பேன். அந்த இடத்தின் முழுக் கனமும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நம் மொழியில் இரக்கத்துக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் இருக்கிறது. ‘ஐயோ பாவம்’ என்கிறோம். ‘செய்த பாவம் சும்மா விடாது’ என்றும் சொல்கிறோம். அந்தக் கோர்ட்டில் நடந்தது அதுதான்: ஒருவர் பார்த்த பாவம், அவர் செய்த பாவமாக மாறியது. சொன்ன மாத்திரத்தில் டாமுக்கே தான் செய்த பிழை புரிந்து, உட்கார்ந்த இடத்தில் நெளிகிறார். அதற்குள் சேதம் நடந்து முடிந்துவிட்டது. பலாத்காரம் நடக்கவில்லை என்று அந்தப் பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகளில் பலருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கலாம். ஒரு கறுப்பர் ஒரு வெள்ளைக்காரியைக் கீழே குனிந்து பார்த்தார் என்பதை மட்டும் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பாவம் பார்க்கிறவர் ஒரு படி மேலே நிற்கிறார் அல்லவா? மேகோம்பில் அந்தப் படி வெள்ளைத் தோலுக்கு மட்டும் உரியது.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு விஷயம். சற்று நேரம் கழித்து, அதே கோர்ட்டில், டாமுக்காக வாதாடும் அட்டிகஸ் ஃபிஞ்ச் தொகுப்புரை ஆற்றுகிறார். அதில் அவர் சொல்வது, அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியான அந்தப் பெண் மீது தன் மனத்தில் இரக்கம் தவிர வேறெதுவும் இல்லை என்பது. அதே பெண், அதே நாள், அதே இரக்கம். யாரும் முணுமுணுக்கவில்லை. பெரிய மனிதரின் பேச்சு என்று கேட்டுக்கொள்கிறார்கள். அட்டிகஸுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. ஒரு வெள்ளைக்காரிக்காக வருத்தப்படத் துணிந்ததுதான் இந்த எளிய மனிதர் செய்தது என்று அவரே எடுத்துக் காட்டுகிறார். சொல்லியும் பலனில்லை. ஜூரி பல மணி நேரம் பேசிவிட்டுக் குற்றவாளி என்றுதான் திரும்பி வருகிறது.

மயெல்லாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஊர்க் குப்பைமேட்டுக்குப் பின்னால், கறுப்பர்கள் விட்டுப்போன குடிசையில் வாழும் குடும்பம். தாய் இல்லை. நிவாரணப் பணத்தைத் தகப்பன் குடித்தே தீர்க்கிறான். கீழே ஏழு பிள்ளைகள். எல்லோருக்கும் மூத்தவள் இவள். அந்தக் குப்பைக்கு நடுவே, எனாமல் பெயர்ந்த ஆறு பழைய சட்டிகளில் சிவப்பு ஜெரேனியம் செடிகள். அவை மயெல்லாவுடையவை என்று ஊரில் பேச்சு. தம்பி தங்கைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க ஐந்து சென்ட் காசுகள் ஏழைச் சேர்க்க அவளுக்கு ஒரு வருடம் பிடிக்கிறது. அந்தக் காசோடு எல்லோரையும் கடைக்கு அனுப்பிவிட்டு, ஆளில்லாத வீட்டுக்குள் டாமைக் கூப்பிடுகிறாள். கோர்ட்டில் அட்டிகஸ் மரியாதையோடு விளிக்கும்போது, தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபப்படுகிறாள். அதுவரை யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. உலகத்திலேயே மிகத் தனிமையான ஆள் இவளாகத்தான் இருப்பாள் என்று கதை சொல்லும் அட்டிகஸின் எட்டு வயது மகள் ஸ்கவுட்டுக்கே தோன்றுகிறது.

அந்தத் தனிமையை முதலில் பார்த்தவர் டாம். தினமும் வேலைக்குப் போகிற வழியில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஒண்டியாக மல்லுக்கட்டுவதைப் பார்த்து, ஒரு கையை வைத்துக்கொண்டு உதவிவிட்டுப் போனார். அடுத்தவருடைய தோலுக்குள் புகுந்து நடந்து பார்த்தால்தான் அவரைப் புரியும் என்று நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் அட்டிகஸ் மகளுக்குச் சொல்லும் பாடம் உலகப் புகழ் பெற்றது. பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டுகிறார்கள். அதை உண்மையிலேயே வாழ்ந்து காட்டியவர் டாம் ராபின்சன் என்பது என் எண்ணம். விசாரணையில்கூட, மயெல்லா பொய் சொல்கிறாளா என்று கேட்டால், அவள் ஏதோ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் சொல்கிறார். பயமும் அதில் இருக்கிறது. பயம் மட்டும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் சில இரவுகளில் நான் டாமை ‘அவன்’ என்றும், அட்டிகஸ் வீட்டில் சமைக்கும் கறுப்பினப் பெண்ணான கல்பூர்னியாவை ‘அவள்’ என்றும், அட்டிகஸை ‘அவர்’ என்றும் சொல்லிவந்தேன். யோசித்துச் செய்யவில்லை, வாய் தானாகச் செய்தது. மகள்தான் பிடித்தாள். “டாமுக்கும் கல்யாணம் ஆயிருச்சு, மூணு குழந்தை இருக்கு. அவரை மட்டும் ஏம்மா அவன்னு சொல்றே?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேகோம்பில் வெள்ளைக்காரர்கள் ஃபிஞ்ச்சை மிஸ்டர் ஃபிஞ்ச் என்பார்கள். டாமை வெறும் டாம் என்பார்கள். கில்மர் கல்யாணமான அந்த மனிதரைப் ‘பையா’ என்கிறார். ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த படிக்கட்டைத் தமிழில் நானும் ஒரு விகுதியில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து எல்லோரும் ‘அவர்’. பாப் யூவெல் மட்டும் அவன். அது மகளின் தீர்ப்பு.

கில்மர் பேசுகிற அந்தத் தொனியைக் கேட்டு டில் என்ற சிறுவன் தேம்பி அழுகிறான். ஸ்கவுட்டின் விளையாட்டுத் தோழன், ஒவ்வொரு கோடைக்கும் மிசிசிப்பியிலிருந்து வருகிறவன். அவனை வெளியே கூட்டிப்போன ஸ்கவுட், டாம் ஒரு கறுப்பர்தானே என்று சமாதானம் சொல்கிறாள். அட்டிகஸின் மகள் வாயிலிருந்து வருகிற சொல் அது. கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். டில் ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பையன் யார்? அம்மாவும் அம்மாவின் புதுக் கணவரும் பொம்மை எல்லாம் வாங்கிக் கொடுத்து, ‘போய் விளையாடு’ என்று கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டிலிருந்து ஓடிவந்து, ஸ்கவுட்டின் கட்டிலுக்கு அடியில் பசியோடு ஒளிந்து கிடந்தவன். அவர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனில்லாமலே அவர்களுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வேண்டாதவனாக நடத்தப்படுவது எப்படி இருக்கும் என்று ஸ்கவுட், அவள் அண்ணன் ஜெம், டில் என்ற அந்த மூன்று பிள்ளைகளில் அவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் கில்மரின் குரல் அவனைச் சுட்டது என்று தோன்றுகிறது. பாசத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இரக்கம் சுரக்கும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நாவல் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் ஸ்கவுட் எங்கே கற்றாள்? எல்லோரும் அட்டிகஸை நோக்கிக் கை காட்டுவார்கள். நானும் இருபது வருடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். இந்த முறை வாய்விட்டுச் சொல்லும்போது, என் கண் சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டது.

வால்டர் கன்னிங்ஹாம் என்ற ஏழைப் பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான். தட்டில் இருந்த இறைச்சி, காய்கறி எல்லாவற்றின் மேலும் சர்க்கரைப் பாகைக் கவிழ்த்துக்கொள்கிறான். ஸ்கவுட் கேலி செய்கிறாள். அடுத்த நொடி கல்பூர்னியா அவளைச் சமையற்கட்டுக்கு இழுத்துப்போய்க் குனிந்து, கோபத்தில் கிசுகிசுக்கிறார்: அந்தப் பையன் உன் விருந்தாளி, மேஜை விரிப்பையே தின்பேன் என்றாலும் தின்னட்டும், விடு. முதுகில் ஒன்று வைத்து, மிச்சச் சாப்பாட்டைச் சமையற்கட்டிலேயே சாப்பிடச் சொல்கிறார். அட்டிகஸின் தோல் பாடம் வருவது அன்று இரவுதான். மத்தியானமே கல்பூர்னியா நடத்தி முடித்துவிட்டார்.

இந்தச் சாப்பாடு பிற்பாடு எங்கே போய்ச் சேர்கிறது பாருங்கள். விசாரணைக்கு முந்தைய இரவுகளில் ஒன்று. டாமைக் கொல்ல ஒரு கும்பல் சிறை வாசலுக்கு வருகிறது. அட்டிகஸ் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கவுட் கும்பலில் தெரிந்த முகத்தைத் தேடுகிறாள். வால்டரின் அப்பா நிற்கிறார். உங்கள் வால்டர் என் வகுப்புதான், நல்ல பையன், ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தோம், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்கிறாள். அந்த மனிதர் அவள் உயரத்துக்குக் குந்தி, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கும்பலைக் கலைத்துக்கொண்டு போகிறார். கும்பலில் ஒருவராக வந்தவர் ஒரு பையனின் அப்பாவாகத் திரும்பிப் போகிறார். பிறகு ஜூரியில் விடுதலைக்காக முதலில் மல்லுக்கு நின்ற ஒரே ஆளும் ஒரு கன்னிங்ஹாம் உறவினர்தான். அன்று சமையற்கட்டில் அந்த அடி விழாமல் இருந்திருந்தால், ஸ்கவுட்டுக்குச் சிறை வாசலில் சொல்ல என்ன இருந்திருக்கும்?

அம்மா இல்லாத பிள்ளைகள். ஸ்கவுட்டுக்கு இரண்டு வயதில் தாய் மாரடைப்பில் இறந்துவிட்டார். மழை நாட்களில் சமையல் மேஜையில் உட்கார்த்தி எழுதப் பழக்கியது கல்பூர்னியா. எழுத்து நன்றாக வந்தால் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவித் தருவார். வீட்டுக்கு வந்த அத்தை அலெக்ஸாண்ட்ரா அவரை வேலையைவிட்டு நிறுத்தப் பார்க்கும்போது, அவர் இந்தக் குடும்பத்தில் ஒருவர், அவராகப் போக விரும்பினால் ஒழியப் போகப் போவதில்லை என்று அட்டிகஸ் மறுத்துவிடுகிறார். முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். இந்த முறை மகள் கேட்டாள்: “கல்பூர்னியாவோட பிள்ளைங்களை யாரு பாத்துக்கிட்டாங்க?”

நாவலிலேயே ஸ்கவுட்டுக்கு அப்படி ஒரு கேள்வி வெகு தாமதமாகத்தான் எழுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்பூர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே முன்னால் நின்று பாட்டை வரிவரியாகச் சொல்லிக் கொடுக்கும் ஜீபோ, ஊரில் குப்பை அள்ளுகிறவர், அவருடைய மூத்த மகன். சபையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். டாமின் மனைவி ஹெலனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை என்று போதகர் கதவைச் சாத்தி, பத்து டாலர் சேரும்வரை யாரையும் வெளியே விடாமல் உண்டியல் வைக்கிறார். வீட்டில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் கல்பூர்னியா பேசுவதைப் பிள்ளைகள் வியந்து கேட்கிறார்கள். தன் ஜனத்தோடு வெள்ளைக்காரர் மாதிரிப் பேசினால் பகட்டு என்று நினைப்பார்கள் என்கிறார் அவர். இவருக்கு நம் வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று ஸ்கவுட்டுக்கு அன்றுதான் உறைக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா என்று கேட்கிறாள்.

நான் அதைக்கூடக் கேட்டதில்லை. என் எட்டு வயதுவரை எங்கள் வீட்டில் ஓர் அக்கா வேலை செய்தார். எனக்குத் தலை வாரிப் பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவர். ‘எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி’ என்று பாட்டி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்த அக்காவின் தம்ளர் பின்கட்டு ஜன்னல் திட்டில் தனியாக இருக்கும். ஒரு நாள் அவர் வருவது நின்றுவிட்டது. என்ன காரணமோ, எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்துபோனேன். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா? அன்று மாடியில் மகள் கேட்ட பிறகு அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். இரண்டு பையன்கள் என்றார் அம்மா. அதற்குமேல் அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஹார்ப்பர் லீ இதை அறிந்திருந்தார் என்பதற்குச் சாட்சி 2015-இல் வெளிவந்தது. அவர் 1950-களில் எழுதி வைத்திருந்த ‘கோ செட் எ வாட்ச்மேன்’. 26 வயது ஸ்கவுட் ஊருக்குத் திரும்பிவந்து, தன் அப்பா வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்கும் சபையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற கதை. அட்டிகஸ் இப்படியா என்று உலகமே அதிர்ந்தது. எனக்கு அதைவிட வலித்தது வேறொரு காட்சி. முதுமையில் தன் வீட்டில் இருக்கும் கல்பூர்னியாவைப் பார்க்க ஸ்கவுட் போகிறாள். அவர் பேரன் ஒரு விபத்து வழக்கில் மாட்டியிருக்கிறான். கல்பூர்னியா அவளை வெள்ளைக்காரர்களுக்கென்று வைத்திருக்கும் மரியாதையோடு, அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். எங்களை வெறுத்தீர்களா என்று அவள் கேட்கிறாள். வெகு நேரம் கழித்து, இல்லை என்று தலை மட்டும் அசைகிறது. முதல் நாவலின் சமையற்கட்டு வெளிச்சத்தை அந்தத் தலையசைப்போடு சேர்த்துத்தான் இனி என்னால் படிக்க முடியும்.

அதனால் முதல் நாவல் குறைந்துபோய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. லீ தான் வளர்ந்த மன்ரோவில் ஊரைத்தான் மேகோம்ப் ஆக்கினார். அவருடைய அப்பாவும் வக்கீல். 1919-இல் கொலை வழக்கில் சிக்கிய இரண்டு கறுப்பினத்தவருக்காக வாதாடித் தோற்றவர். அவர்கள் அப்பாவும் மகனும். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். லீக்கு ஐந்து வயது ஆகிற நேரத்தில், 1931-இல், அதே அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பினப் பையன்கள்மீது இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1933-இல் அந்த வழக்கில் ஒரு தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஹார்ட்டன் அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். இவ்வளவையும் சுற்றிலும் வைத்துப் பார்த்தால், டாமின் கதியில் மிகை ஏதும் இல்லை.

மன்ரோவில்லில் அந்தப் பழைய கோர்ட்டுக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஊர்க்காரர்களே நாவலை அங்கு நாடகமாக நடிக்கிறார்கள். அதே மன்ரோவில்லில் 1986-இல் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொல்லப்பட்டபோது, வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர்மீது பழி விழுந்தது. சம்பவ நேரத்தில் அவர் தன் வீட்டில், தேவாலயத்துக்காக மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். கூட இருந்து பார்த்தவர்கள் பலர், அவர்கள் கறுப்பர்கள். ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்று சொல்லியும், நீதிபதி அதை மரண தண்டனையாக உயர்த்தினார். வக்கீல் பிரையன் ஸ்டீவன்சன் போராடி 1993-இல் அவரை வெளியே கொண்டுவந்தார். ஆறு வருடம் மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடியில். நாவல் வெளியாகி ஒரு தலைமுறைக்குப் பிறகு, நாவல் பிறந்த ஊரில்.

மேல்முறையீட்டில் வெல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அட்டிகஸ் சொல்லியும் டாம் நம்பவில்லை. சிறைப் பண்ணை வேலியில் ஏறித் தப்ப ஓடும்போது சுட்டுக் கொல்கிறார்கள். உடம்பில் 17 குண்டுகள். அந்தச் செய்தியை ஹெலனிடம் சொல்ல அட்டிகஸ் போகிறார். தனியாகப் போகவில்லை, கல்பூர்னியாவைக் கூட அழைத்துப் போகிறார்.

அந்த அத்தியாயத்தை மாடியில் சொன்ன இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முற்றத்தில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்க அம்மா எங்கே என்று கேட்டதும் சாம் என்ற பையன் கூட்டிவர ஓடுகிறான். குடிசை வாசலில் ஒரு சின்னப் பெண். தலை நிறையக் குட்டிக் குட்டிப் பின்னல், ஒவ்வொரு நுனியிலும் ரிப்பன். அட்டிகஸைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பாக வருகிறாள். படி இறங்கத் தெரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, ஒரு விரலை நீட்டுகிறார். அவள் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். அவளைக் கல்பூர்னியாவிடம் கொடுக்கிறார். ஹெலன் வந்து, உட்காருங்கள் என்கிறார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன், எறும்பை மிதித்த மாதிரி, மண்ணில் விழுந்துவிடுகிறார்.

“அந்தப் பாப்பா பேரு என்னம்மா?”

மொபைல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் புரட்டித் தேடினோம். சாமுக்குப் பெயர் இருந்தது. அவளுக்கு இல்லை. ஹெலனை இருவரும் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறார்கள். வெகு நேரம் உள்ளேயே இருக்கிறார்கள். பிறகு அட்டிகஸ் மட்டும் வெளியே வருகிறார் என்று இருந்தது.

“கல்பூர்னியா அங்கேயே இருந்துட்டாங்களா?”

“ஆமா.”

“சரி” என்றாள் மகள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.